வண்டி திருந்திவிட்டது, கை திருந்தவில்லை

என் லாரியின் ஸ்டியரிங்கைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஓட்டிப் பார்த்தவர்கள் நம்புவார்கள். ஆனால் என்னைத் தவிர அதை ஓட்டிப் பார்த்தவர்கள் கிடையாது. கொட்டாம்பட்டியில் திரும்ப வேண்டும் என்றால் மேலூரிலேயே திருப்ப ஆரம்பித்துவிட வேண்டும். இதில் கொஞ்சம் மிகை உண்டு. கொஞ்சம்தான்.

உண்மை நிலவரம் இது. ஸ்டியரிங்கைக் கால்வட்டம் சுற்றினாலும் முன்சக்கரங்களுக்குச் செய்தி போகாது. அதற்கு மேல் சுற்றினால் போகும், ஆனால் மொத்தமாகப் போகும். பட்டறைக்காரர்கள் இதை 'ப்ளே' என்பார்கள். அந்த ப்ளேக்கு நடுவில் வண்டியை நேராகக் கொண்டு போக வேண்டும் என்றால் கை சும்மா இருக்கக் கூடாது. இடது, வலது, இடது, வலது என்று ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுவது மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஆட்டினேன். வருஷக்கணக்கில் ஆட்டினேன். அலங்காநல்லூர்ப் பக்கத்து வயல்களில் வைக்கோல் ஏற்றி, மதுரையைச் சுற்றிக்கொண்டு, கொட்டாம்பட்டிப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்குக் கொண்டுபோய் இறக்குவது என் பிழைப்பு. வைக்கோல் பாரத்தோடு நான் வருவதைப் பார்த்தால் எதிரே வருகிற டவுன் பஸ்ஸே ஓரம் கட்டும். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வண்டிய உன்னய விட்டா எவனாலயும் ஓட்ட முடியாதுப்பா" என்று லோடு ஏற்றுகிற ஆட்கள் சொல்வார்கள். நானும் பதக்கம் வாங்கியவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

எஃப்.சி. காட்டும் காலம் வந்தது. லாரி வைத்திருக்கிறவனுக்கு எஃப்.சி. என்பது பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புவது மாதிரி. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஓட்டச் சொல்லிப் பார்த்து, "சாலைக்குத் தகுதியானது" என்று கையெழுத்துப் போட்டால்தான் பிழைப்பு. அதுவும் இப்போது பழைய வண்டி என்றாலே கல்யாண வீட்டில் அழைக்காமல் வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

என் மனைவி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"ஏங்க, இந்தத் தடவ எஃப்.சி. ஆகலைன்னா வண்டி காயலான் கடைக்கு. நீங்க எங்கண்ணன் கடைக்கு."

அவள் அண்ணனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, கே.கே. நகரில் குளியலறை டைல்ஸ் விற்கும் கடை இருக்கிறது. ஏசி போட்ட கடை. அங்கே சட்டையை பேண்டுக்குள் செருகிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே வருகிறவர்களிடம் "சார், இது வழுக்காது சார்" என்று சொல்ல வேண்டும். என் தொப்பைக்கு மேல் சட்டையைச் செருகினால் நான் எப்படி இருப்பேன் என்று கண்ணாடியில் பார்த்தேன். கழுத்தில் கயிறு கட்டிய மூட்டை மாதிரி இருந்தேன். அன்று மாலையே வண்டியைப் பட்டறைக்கு விட்டேன்.

பட்டறை சுற்றுச்சாலை ஓரத்தில். அதை நடத்துகிறவன் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். படித்தவன் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மதுரை ஜில்லாவில் தன்னைவிடப் பெரிய மெக்கானிக் கிடையாது என்பது அவன் கருத்து. அதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினான். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கடக். இன்னொரு தடவை. கடக், கடக்.

"மாப்ள, இது லாரிச் சக்கரமா, கோயில் மணியா?"

"ரொம்ப மோசமா இருக்காடா?"

"மோசமா? கிங்பின் செத்துப்போச்சு. புஷ்ஷு இருந்த எடமே தெரியல. டை ராடு எண்டு ரெண்டும் பல்லு விழுந்த கெழவன் வாய் மாதிரி ஆடுது. கமான் பட்டையில மேல்பட்டை ஒடஞ்சு, மத்த பட்டைக அத சொமந்துக்கிட்டு வருதுக. இம்புட்டையும் வச்சுக்கிட்டு நீ திருச்சி ரோட்டுல போயிட்டு வந்திருக்க."

"நல்லாத்தான் போயிட்டு வந்தேன்."

"நீ போகல மாப்ள. ரோடு உன்னயத் தள்ளிவிட்டிருக்கு."

எனக்கு அதுவரை இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. வந்த பயமும் முன்தேதி போட்டு வந்தது. போன மாதம் மேலூர்ப் பாலத்தில் எதிரே வந்த கரும்பு லாரியை ஒட்டிக்கொண்டு போனேனே, அதற்கான நடுக்கம் இப்போது வந்து சேர்ந்தது. ஓரத்தில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கிங்பின் கழற்றும் வேலை. முன் அச்சையும் சக்கரத்தையும் கோத்து நிற்கிற கட்டைவிரல் மாதிரியான இரும்பு அது. சக்கரம் திரும்புவது அதன்மேல்தான். அது தேயாமல் சுற்றி உட்காரும் வளையம்தான் புஷ். வருஷக்கணக்கில் கிரீஸ் காணாமல் கிடந்தால் அச்சோடு ஒட்டிப்போய்விடும். எனக்குக் கிரீஸ் அடிக்கும் பழக்கம் இருந்ததா என்று அவன் கேட்டான். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஒட்டிப்போன கிங்பின்னைக் கழற்றுகிறார்கள் என்றால் அந்த வரிசையில் இருக்கிற பட்டறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வந்துவிடும். டிங்கர் வேலைக்காரர், பேட்டரிக்கடைக்காரர், டீக்கடைக்காரர் உட்பட. கேஸ் வைத்து அச்சைச் சுட வைத்தார்கள். ஒருவர் பழைய பின் ஒன்றை மேலே நிறுத்திப் பிடிக்க, என் சிநேகிதன் சம்மட்டியை ஓங்கினான். அடி விழுந்ததும் வண்டி முழுக்க அதிர்ந்தது. எனக்குக் கடைவாய்ப் பல் அதிர்ந்தது.

"மெதுவாடா! அச்சு ஒடஞ்சிரப் போகுது!"

"மாப்ள, இது பஞ்சுமெத்தை இல்ல, மெதுவா தட்ட."

அடி விழுந்துகொண்டே இருந்தது. கிங்பின் அசையவில்லை. கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இப்போது வரும் என்று ஒரு கட்சி, அச்சையே அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. அறுக்கச் சொன்ன கட்சிக்கு டீக்கடைக்காரர் தலைவர். எனக்கு அவரைக் கொல்லலாம் போல இருந்தது. நான் வண்டியின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, காதைப் பொத்தி, தெரிந்த சாமிகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாமிகள் தீர்ந்து, பக்கத்து ஊர்ச் சாமிகளுக்குப் போயிருந்தேன்.

சத்தம் மாறியது. அதுவரை 'ணங்' என்று விழுந்த அடி 'தொப்' என்று விழுந்தது. "வந்துருச்சுடா!" என்று கூட்டம் கத்தியது. ஓடினேன். நான் ஓடுவதை அந்த வரிசைக்காரர்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள்.

கிங்பின் மண்ணில் கிடந்தது. நடுவில் தேய்ந்து இடுப்பு வைத்திருந்தது. நேரான உருளையாக இருக்க வேண்டியது உடுக்கை மாதிரி இருந்தது. ஆளுக்காள் தூக்கிப் பார்த்தார்கள். குழந்தை பிறந்த வீடுபோல இருந்தது. அச்சை அறுக்கச் சொன்ன டீக்கடைக்காரரே எல்லாருக்கும் டீ கொடுத்தார். மன்னித்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் திருவிழா. புதுப் புஷ்களை இறக்கி, உள்ளே கடைந்து, புதுக் கிங்பின்னைக் கட்டைவிரலால் அழுத்தினான். எண்ணெய் தடவிய கிங்பின் வழுவழு என்று தானாக இறங்கியது. "பாத்தியா, பாத்தியா!" என்று அவன் கத்த, "இன்னொரு தடவ எடுத்துட்டுப் போடுடா!" என்று நான் கத்தினேன். போட்டான். நாலைந்து தடவை அதையே விளையாடினோம். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்துத் திருப்பும் கம்பியின் முனைகளான டை ராடு எண்டுகளும் புதுசு. பாரம் தாங்கும் கமான் பட்டை அடுக்கில் உடைந்ததை எடுத்துவிட்டு வேறு பட்டை சேர்த்துக் கட்டியதும், வருஷக்கணக்காக ஒருக்களித்து நின்ற வண்டி நிமிர்ந்தது. என் வண்டி இவ்வளவு உயரம் என்று எனக்கே தெரியாது.

சரி, ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏறப் போனேன். தடுத்துவிட்டான்.

"கிங்பின் போட்டவன்தான் மொதல்ல ஓட்டணும். இங்க அதுதான் வழக்கம். இன்ஸ்பெக்டர் பாக்குற வரைக்கும் ஸ்டியரிங்க நீ தொடக் கூடாது. தொட்டா நான் பொறுப்பில்ல."

அந்த வரிசையில் உண்மையாகவே அப்படி ஒரு வழக்கம் உண்டு. புது வேலை செய்த வண்டியில் ஏதாவது பிசகு என்றால், ஓட்டினவன் மேல் பழி, செய்தவன் மேல் பழி என்று அடிதடி வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அதனால் வெள்ளோட்டம் பார்த்தது அவன். எஃப்.சி. காட்டும் மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுவந்ததும் அவன். நானும் என் மனைவியும் ஸ்கூட்டரில் பின்னால் வந்தோம். வண்டி எப்படிப் போகிறது என்று நான் பின்னாலிருந்து பார்த்துப் பூரித்தேன். எனக்கும் அந்த வண்டிக்கும் இடையில் ஒரு சின்ன விஷயம் பாக்கி இருப்பது எங்கள் மூன்று பேர் மூளையிலும் உதிக்கவில்லை.

அன்று வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். என்னைவிட வயதில் இளையவர். லைட், ஹாரன், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் பார்த்தார். குனிந்து டை ராடைக் கையால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. என் சிநேகிதன் மீசையைத் தடவினான்.

"ஓனர் யாரு?"

"நான்தான் மேடம்."

"டிரைவர்?"

"அதுவும் நான்தான் மேடம்."

"ஏறுங்க. அந்தச் சுண்ணாம்புக் கோட்ட ஒட்டி நேரா போயிட்டு, கடைசில பிரேக் போடுங்க."

ஏறினேன். ஸ்டார்ட் செய்தேன். கியர் போட்டேன். என் கை தன் வேலையை ஆரம்பித்தது. இடது, வலது, இடது, வலது.

வண்டி சொன்ன சொல்லைக் கேட்டது. அதுதான் ஆபத்து. இடதுபக்கம் ஆட்டினால் இடதுபக்கம் போனது. ஐயோ என்று வலதுபக்கம் இழுத்தால் வலதுபக்கம் பாய்ந்தது. நான் பதற, கை இன்னும் வேகமாக ஆட்ட, வண்டி சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து போனது. வரிசையில் காத்திருந்த லாரிக்காரர்கள் சிதறி ஓடினார்கள். நடுவில் ஒருமுறை வைப்பரைப் போட்டுவிட்டேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது. ஒருவழியாகப் பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி நின்றது. கை நிற்கவில்லை. நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, கரகம் எங்கண்ணே? வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றான் ஒரு டிப்பர்காரன்.

"டீசலுக்குப் பதிலா வேற எதையோ ஊத்தியிருக்காரு" என்றான் இன்னொருவன்.

மைதானமே சிரித்தது. இன்ஸ்பெக்டர் நடந்து வந்தார். சிரிக்கவில்லை.

"குடிச்சிருக்கீங்களா?"

"காலைல இருந்து காபி கூடக் குடிக்கல மேடம்."

"ஸ்டியரிங் சரியில்ல. இத எப்படி நான் பாஸ் பண்றது?"

கே.கே. நகர் டைல்ஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக என் கண்முன் அடுக்கப்பட்டன. சட்டை தானாகப் பேண்டுக்குள் போவது மாதிரி இருந்தது. என் சிநேகிதன் ஓடிவந்தான்.

"மேடம், ஸ்டியரிங் சுத்தமா இருக்கு மேடம். பழைய ப்ளேல ஓட்டி ஓட்டி இவன் கைதான் கெட்டுப்போச்சு. கைக்குப் புஷ்ஷு போட எங்கிட்ட சாமான் இல்ல மேடம்."

இன்ஸ்பெக்டர் என் கையைப் பார்த்தார். அது இன்னும் மடியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவரே ஏறினார். நான் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தேன். என் லாரியில் இடதுபக்கம் நான் உட்கார்ந்ததே கிடையாது. பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்திக்கொண்டு, கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினேன். திறந்தபோது மைதானத்தின் மறுமுனையில் இருந்தோம். சுண்ணாம்புக் கோடு டயருக்கு ஒரு முழம் தள்ளி, நூல் பிடித்த மாதிரி கூடவே வந்திருந்தது. அவர் ஒற்றைக் கையால் ஓட்டியிருந்தார்.

"எங்கப்பா டவுன் பஸ் டிரைவர்" என்றார் இன்ஸ்பெக்டர். "வீட்டுல ஊஞ்சல்ல உக்காந்திருந்தாக்கூட அவருக்குக் கை இப்படித்தான் போகும். வண்டி சரியா இருக்கு. ஆனா ஓட்டப்போறது நீங்கதானே? உங்கள இப்படியே ரோட்டுக்கு அனுப்ப முடியாது. இன்னொரு தடவ ஓட்டிக் காட்டுங்க. நேரா போனா கையெழுத்து. இல்லைன்னா வேற டிரைவரோட இன்னொரு நாள் வாங்க."

வேறு டிரைவர்! என் வண்டிக்கு!  சிநேகிதன் யோசனை சொன்னான். கையை ஸ்டியரிங்கோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிடலாமாம். டிப்பர்காரன், "அண்ணன் கண்ணையும் சேத்துக் கட்டிருங்க, அப்பவாவது நேரா போறாரான்னு பாப்போம்" என்றான். மறுபடியும் சிரிப்பு.

அப்போதுதான் என் மனைவி ஸ்கூட்டரை விட்டு இறங்கி வந்தாள். அவள் மைதானத்துக்கு வந்ததே வண்டி தோற்பதைக் கண்ணால் பார்க்கத்தான். அவள் அண்ணனுக்குப் போன் போடத் தயாராகக் கையில் செல்லைக்கூட வைத்திருந்தாள். அதை இடுப்பில் செருகினாள்.

"யாருய்யா அது சிரிச்சது?"

சிரித்தவன் தன் டிப்பருக்குப் பின்னால் போய்விட்டான்.

"எம் புருஷனப் பாத்து நான் சிரிப்பேன். எங்கம்மா சிரிக்கும். நீ யாரு சிரிக்க?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஏறுங்க."

"எங்க?"

"டைல்ஸ் கடைக்கா கூப்புடுறேன்? வண்டில ஏறுங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இடதுபக்கம் ஏறினாள். ஏறியவள் எட்டிப்போய் உட்காரவில்லை. கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"நா ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்திருக்கும்போது எப்படி ஓட்டுவீக?"

சொல்லத் தேவையில்லை. ஸ்கூட்டரில் நான் கொஞ்சம் வளைந்து நெளிந்தாலும் அவள் என் விலாவில் கிள்ளுவாள். கிள்ளு என்றால் சாதாரணக் கிள்ளு இல்லை. சதையைப் பிடித்து ஒரு திருகு திருகிவிட்டுத்தான் விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஸ்கூட்டரை நான் தண்டவாளத்தில் போவது மாதிரிதான் ஓட்டுகிறேன்.

"அப்படி ஓட்டுங்க" என்றாள். கை என் விலாவுக்குப் பக்கத்தில் வந்து காத்திருந்தது.

கியர் போட்டேன். வண்டி நகர்ந்தது. இடது கை ஆட ஆரம்பித்தது. ஒரு கிள்ளு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலது கை ஆடப் பார்த்தது. அவள் விரல் அசைந்தது, அவ்வளவுதான். கை உறைந்தது. நான் மூச்சுவிடவில்லை. வண்டி போனது. நேராகப் போனது! சுண்ணாம்புக் கோடு பக்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங் என் கைக்குள் சும்மா இருந்தது. பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அது சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. கமான் பட்டை அதை வாங்கிக்கொண்டது. முதுகெலும்புக்கு வரவேண்டிய அடி வரவே இல்லை.

"போகுது!" என்று கத்தினேன். "ஏய், போகுதுடி!"

"கத்தாதீக. பிரேக்கு!"

பிரேக் போட்டேன். கோடு முடிகிற இடத்தில் வண்டி நின்றது. என் சிநேகிதன் தூரத்தில் யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, "அவங்க வந்து உக்காரலைன்னா ஃபெயில்தான்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்கூட்டரைச் சிநேகிதன் எடுத்துக்கொண்டான். மனைவி வண்டியிலிருந்து இறங்க மாட்டேன் என்றாள். இந்தத் தடவை கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கமே ஓர் அறுத்த வயலில் வைக்கோல் விலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்; அன்றே எனக்கு அது எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. இரண்டு பேரும் போனோம். திருச்சி ரோட்டில் காற்று அடிக்க, பழைய லாரி வகிடு எடுத்தது மாதிரி போனது. நான் வழிநெடுகப் பேசினேன். பாலம் வந்தால் "பாரு பாரு, பாலத்துல எப்படிப் போகுது பாரு" என்றேன். வேகத்தடை வந்தால் "இப்ப பாரு" என்று ஏற்றி இறக்கினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வயலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அறுத்த நெல்லின் தாளடி மட்டும் நிற்கிற, காய்ந்து இறுகிப்போன, ஆள் அரவமில்லாத பெரிய வயல்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

"எது?"

"லாரி ஓட்டுறது. பிடிச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கீக. இதுக்கா இம்புட்டு வருஷமா வீட்டுக்கு வந்து கை வலிக்குது, தோளு வலிக்குதுன்னு எண்ணெய் தேய்க்கச் சொன்னீக?"

"அப்ப வேற ஸ்டியரிங். அத என்னயத் தவிர எவனாலயும்…"

"இப்ப?"

 பதில் எனக்கு அப்போதுதான் விளங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஒற்றைக் கையால் ஓட்டினார். என் சிநேகிதன் ஓட்டினான். இனி இதை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். மதுரையில் இருக்கிற எவனும் ஓட்டலாம். எவளும்.

"இறங்குங்க" என்றாள்.

"உனக்கு லைசென்ஸ் இல்ல."

"இது ரோடா? வயலு. இறங்குங்கன்னா."

"கிளச்சு இறுக்கமா இருக்கும்."

"உங்கள மேய்க்கிறத விடவா?"

இறங்கினேன். அவள் நகர்ந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். சீட்டின் முனைக்கு வந்தால்தான் கால் எட்டியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு, கிளச் எது, பிரேக் எது என்று நடுங்கிக்கொண்டே சொன்னேன். அவள் கேட்டாளா தெரியாது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி அணைந்தது. அப்பாடா என்று மனசுக்குள் ஓர் அற்பச் சந்தோஷம் வந்தது. அடுத்த தடவை அணையவில்லை. நகர்ந்தது.

"பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்திக்கொண்டு பக்கத்திலேயே ஓடினேன். வேட்டி தாளடியில் மாட்டிக் கிழிந்தது. செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது. மேலே பார்த்தேன். ஸ்டியரிங்கை மார்போடு அணைத்த மாதிரி பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவள் வரப்பைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கை ஆடவே இல்லை. வயலின் குறுக்கே அந்த லாரி கோடு கிழித்தது மாதிரி போனது.

"ஏங்க," என்று கத்தினாள், திரும்பிப் பார்க்காமல். "இத எப்படித் திருப்புறது?"